எஸ்டேட் மீன் குளத்துக்கு எந்த ஏரேட்டர்? ஏற்காட்டு நண்பருக்கு ஒரு நீண்ட பதில்

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் புரியட்டும். ஏற்காட்டில் காபி எஸ்டேட்டுக்குள் ஒரு 30 சென்ட் குளம். கரைப் பக்கம் 12 அடி ஆழம், ஓடை வந்து சேரும் பக்கம் 3 அடி. சாதா கெண்டை, புல் கெண்டை, கொஞ்சம் கட்லா, எல்லாம் சேர்த்து முந்நூறு கிலோ இருக்கும் என்கிறீர்கள். விற்பதற்கான மீன் இல்லை. தங்க வருகிறவர்கள் தூண்டில் போட, பிள்ளைகள் பொரி போட. ஏப்ரலிலிருந்து சில நாள் விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. தண்ணீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டர் ஒன்று வேண்டும் என்று சேலத்தில் மூன்று கடையில் விசாரித்தீர்கள். ஒருவர் மிதக்கும் நீரூற்று என்றார், ஒருவர் தண்ணீரை அடித்துத் தெளிக்கும் துடுப்புச் சக்கரமான பேடில் வீல் என்றார், இன்னொருவர் அடியில் குமிழி விடும் கம்ப்ரசர் என்றார். எதை வாங்கலாம்?

இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. உங்கள் குளத்தில் ஆக்சிஜனை யார் தின்கிறார்கள் என்பது ஒன்று. அதை எந்த நேரத்தில், எந்த ஆழத்தில் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது இன்னொன்று. இந்த இரண்டும் தெரிந்தால் கடைக்காரர்கள் மூவரும் ஏன் ஆளுக்கொன்று சொன்னார்கள் என்பதும் தெரிந்துவிடும். நான் தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியில் படித்துவிட்டு, பல ஆண்டுகளாக சேலம், நாமக்கல், தருமபுரிப் பக்கம் பண்ணைக் குட்டைகளுக்கும் ரிசார்ட் குளங்களுக்கும் ஆலோசனை சொல்லி வருகிறேன். இயந்திரம் விற்பதில்லை, அதனால் இதில் எனக்குக் கமிஷன் கிடையாது.

அவசரத்தில் இருப்பவர்களுக்கு விடையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் ஆழத்துக்கு அடியில் குமிழி விடும் டிஃப்யூசர் அன்றாட வேலைக்கு. ஒரு எச்.பி. பேடில் வீல் மோசமான இரவுகளுக்கு. நீரூற்று கண்ணுக்கு. மூன்றில் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் இப்போது பேடில் வீல் வாங்குங்கள், ஏனென்றால் உங்கள் மீன்கள் ஏற்கெனவே மேலே வர ஆரம்பித்துவிட்டன. ஏன் என்பது இனி.

மலைத் தண்ணீர் குளிர்ந்த தண்ணீர், அதில் ஆக்சிஜன் நிறைய இருக்கும் என்று எஸ்டேட்காரர்கள் பலர் நம்புகிறார்கள். பாதி உண்மை. 20 டிகிரி தண்ணீர், கடல் மட்டத்தில், லிட்டருக்கு 9.1 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும். 30 டிகிரியில் 7.6 தான். ஆனால் ஏற்காடு ஊர் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உங்கள் எஸ்டேட்டை 1,400 என்று வைத்துக்கொண்டால் அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ 85 சதவீதம். தண்ணீர் பிடிக்கும் ஆக்சிஜனும் அதே அளவு குறையும். ஆக 20 டிகிரியில் உங்கள் குளத்துக்கு 7.7 தான் உச்சம். சேலத்தில், 280 மீட்டரில், 30 டிகிரி வெயில் தண்ணீருக்கு 7.3. குளிர் கொடுத்ததை உயரம் பெரும்பாலும் எடுத்துக்கொண்டுவிடுகிறது. உங்களுக்கு ஒரே லாபம், குளிரில் மீனும் பாசியும் சேறும் மூச்சு விடுவது குறைவு. வெப்பம் 10 டிகிரி ஏறினால் அந்தச் செலவு கிட்டத்தட்ட இரண்டு மடங்காகும் என்பது பொதுக் கணக்கு. ஏப்ரல், மே மாதங்களில் மலையிலும் மேல்தண்ணீர் 25 டிகிரியைத் தொடும்போது அந்த லாபமும் போய்விடும்.

சரி, யார் தின்கிறார்கள்? கொஞ்சம் கணக்குப் போடலாம். 30 சென்ட் என்றால் சுமார் 1,200 சதுர மீட்டர். சராசரி ஆழம் 6 அடி என்றால் 22 லட்சம் லிட்டர் தண்ணீர். முந்நூறு கிலோ கெண்டை மணிக்கு 60 முதல் 90 கிராம் ஆக்சிஜன் எடுக்கும். அடிச்சேறும் ஏறத்தாழ அதே அளவு எடுக்கும். தண்ணீரைப் பச்சையாக்கும் நுண்பாசியும் அதோடு வாழும் பாக்டீரியாவும் இரவில் லிட்டருக்கு மணிக்கு 0.2 முதல் 0.4 மில்லிகிராம் வரை எடுக்கும். 22 லட்சம் லிட்டருக்கு அது 440 முதல் 880 கிராம். கவனித்தீர்களா, மீனைப்போல பல மடங்கு. மீன் அதிகமாகிவிட்டது, பாதியைப் பிடித்து விற்றுவிடுங்கள் என்று யாராவது சொன்னால், உங்கள் குளத்துக்கு அதனால் பெரிய மாற்றம் வராது. பாசிதான் பகலில் ஆக்சிஜன் கொடுக்கிறது, இரவில் அதுவே திருப்பி எடுக்கிறது. அதனால்தான் சூரியன் வருவதற்குச் சற்று முன்பு அளவு மிகக் குறைந்து, மீன் மேலே வருகிறது.

இதோடு ஆழம் செய்யும் வேலை ஒன்று இருக்கிறது. பிப்ரவரி முதல் மே வரை வெயில் மேல்தண்ணீரைச் சூடாக்குகிறது. சூடான தண்ணீர் லேசானது, மேலேயே நிற்கும். கீழே குளிர்ந்த தண்ணீர் தனி அடுக்காகத் தங்கிவிடும். கலங்கலும் பச்சையும் இருந்தால் வெளிச்சம் கீழே போகாது. அங்கே ஆக்சிஜன் உண்டாவதில்லை, இலையும் சேறும் அழுகி இருப்பதையும் தீர்த்துவிடும். உங்கள் 12 அடியில் அடி 5 அடி இப்போது மீன் இருக்க முடியாத தண்ணீராகத்தான் இருக்கும். இப்படி இருக்கும்போது ஒரு மாலை பலத்த கோடை மழை. குளிர்ந்த மழைநீரும் காற்றும் மேல் அடுக்கைக் கலக்கிக் கீழே தள்ள, கீழே இருந்தது மேலே வரும். ஒரே இரவில் குளம் முழுக்க ஆக்சிஜன் இல்லாமல் போய்விடும், அழுகிய முட்டை வாடையும் வரலாம். 'மழை பெய்தது, மறுநாள் மீன் செத்தது, மழையில் ஏதோ விஷம்' என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். பெரும்பாலும் விஷம் எதுவும் இல்லை. பெரிய மீன்கள் முதலில் போயிருந்தால், அதிலும் கட்லா முதலில் போயிருந்தால், ஆக்சிஜன்தான் என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லலாம். மார்கழி, தையில் மலையில் இந்தத் தொல்லை குறைவு. இரவுக் குளிரில் மேல்தண்ணீர் குளிர்ந்து தானாகவே கீழே இறங்கிக் குளம் கலந்துகொள்ளும்.

இனி இயந்திரங்களுக்கு வருவோம். ஏரேட்டர் என்ற ஒரே பெயரில் விற்றாலும் அவை செய்யும் வேலை இரண்டு: ஆக்சிஜனைக் கொடுப்பது, தண்ணீரைக் கலப்பது. பேடில் வீல் கொடுக்கும் சாதி. துடுப்புகள் தண்ணீரை அடித்துத் துளியாக்கிக் காற்றில் வீசுகின்றன, மேல்தண்ணீரை ஒரு பக்கமாக ஓட வைக்கின்றன. சோதனைத் தொட்டியில், சுத்தத் தண்ணீரில், ஒரு யூனிட் மின்சாரத்துக்கு சுமார் இரண்டு கிலோ ஆக்சிஜன் கொடுக்கும் என்று அளந்திருக்கிறார்கள். தண்ணீரைத் தூக்கித் தெளிக்கும் பம்புகளுக்கு இது ஒன்றரைக்கும் கீழே. டிஃப்யூசருக்கு ஒரு கிலோ அளவுதான். குளத்தில் இவையெல்லாம் பாதியாகக் குறையும், ஏனென்றால் தண்ணீரில் ஏற்கெனவே கொஞ்சம் ஆக்சிஜன் இருக்கும், உங்கள் உயரமும் சேர்ந்துகொள்ளும். அப்படிப் பார்த்தால் ஒரு எச்.பி. பேடில் வீல் மணிக்கு சுமார் 700 கிராம் கொடுக்கும். மேலே நாம் போட்ட இரவுச் செலவுக் கணக்கை ஒட்டி வருகிறது, அல்லவா? உயிர் காக்க அது போதும்.

250 வாட் கம்ப்ரசரோடு ஒரு டிஃப்யூசர் செட் மணிக்கு 100 கிராம் கொடுத்தால் பெரிது. அப்புறம் அதை ஏன் வாங்கச் சொல்கிறேன்? குமிழிகள் மேலே வரும்போது தம்மோடு அடித்தண்ணீரை இழுத்துக்கொண்டு வரும். அடித்தண்ணீர் மேலே வந்து பரவ, பகலில் பாசி உண்டாக்கிய ஆக்சிஜன் நிறைந்த மேல்தண்ணீர் கீழே போகும். அதாவது டிஃப்யூசர் ஆக்சிஜனை உண்டாக்குவதைவிட, பகலில் மேலே வீணாகப் போகிற ஆக்சிஜனை 12 அடிக்கும் சேர்த்துச் சேமித்து வைக்கிறது. அடுக்குப் பிரியாத குளத்தில் கோடை மழை வந்தாலும் கலக்குவதற்குக் கெட்ட தண்ணீர் இருக்காது. சேறும் மெல்ல மட்கும். இதனால்தான் டிஃப்யூசரைப் பகல் 11 மணி முதல் 4 மணி வரை கட்டாயம் ஓட்டச் சொல்கிறேன். இரவு மட்டும் ஓட்டினால் போதும் என்று விற்பவர்கள் சொல்வது பேடில் வீலுக்குச் சரி. பேடில் வீலை மத்தியானம் ஓட்டினால் அளவுக்கு மேல் கரைந்திருக்கும் ஆக்சிஜன் காற்றுக்குத்தான் போகும், கரண்ட் பில்லும் ஏறும். அதை நள்ளிரவு முதல் காலை ஏழு வரை, அதுவும் தேவைப்படும் இரவுகளில் மட்டும் ஓட்டுங்கள்.

நீரூற்றைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஏற்காடு ஏரியில் பார்த்துவிட்டு நம் குளத்திலும் ஒன்று இருந்தால் அழகு என்று தோன்றுவது இயல்பு, விருந்தினர்கள் போட்டோ எடுப்பார்கள். ஆனால் அது மேலே இரண்டு மூன்றடித் தண்ணீரை எடுத்து மேலேயே போடுகிறது. அலங்கார நாசில் எவ்வளவு உயரமாக, மெல்லியதாகப் பீய்ச்சுகிறதோ அவ்வளவு குறைவான தண்ணீர்தான் காற்றைத் தொடும். வாங்குவதாக இருந்தால் அழகுச் செலவில் எழுதிக்கொள்ளுங்கள்.

டிஃப்யூசர் வாங்கும்போது பலர் மாட்டிக்கொள்ளும் இடம் அழுத்தம். ஒவ்வொரு 10 அடித் தண்ணீருக்கும் 4.3 பி.எஸ்.ஐ. (அழுத்தத்தை அளக்கும் அலகு) எதிரழுத்தம் உண்டு. உங்கள் 12 அடிக்கு 5.2, குழாயும் குமிழி விடும் ரப்பர் வட்டும் ஒன்று ஒன்றரை எடுத்துக்கொள்ளும், 7 பி.எஸ்.ஐ.யில் இடைவிடாமல் ஓடக்கூடிய கம்ப்ரசர் வேண்டும். பயோஃபிளாக் முறையில் நெருக்கமாக மீன் வளர்க்கும் தொட்டிகளுக்கு விற்கிற ரிங் பிளோயர் என்ற காற்று ஊதும் இயந்திரம் நிறையக் காற்று தரும், ஆனால் மூன்று பி.எஸ்.ஐ.யிலேயே திணறும். நாலடித் தொட்டிக்கு அருமையான சாமான், 12 அடியில் அது சூடாகிச் சாகும். மீன் தொட்டிக் கடைகளில் கிடைக்கும் டயாஃப்ரம் பம்புகளும் ஆறடிக்கு மேல் பெரும்பாலும் தாங்காது. உங்களுக்கு வேண்டியது எண்ணெய் இல்லாத ராக்கிங் பிஸ்டன் வகை. பஞ்சர் கடையில் இருப்பது போன்ற எண்ணெய் கம்ப்ரசரை மலிவாகக் கிடைக்கிறது என்று வைத்துவிடாதீர்கள். எண்ணெய் ஆவி குழாயில் இறங்கும், அது இரவு பகல் ஓடுவதற்கான இயந்திரமும் இல்லை. கடையில் கேட்க வேண்டியது 'எத்தனை லிட்டர் காற்று?' என்று இல்லை, '7 பி.எஸ்.ஐ.யில் எத்தனை லிட்டர்?' என்று. பெட்டியில் அச்சிட்டிருக்கும் பெரிய எண் எதிரழுத்தமே இல்லாதபோது கிடைப்பது. உங்கள் குளத்துக்கு அந்த அழுத்தத்தில் நிமிடத்துக்கு 50, 60 லிட்டர் கிடைத்தால் தாராளம். மலையில் காற்று அடர்த்தி குறைவு என்பதால் அதே லிட்டரில் 15 சதவீதம் குறைவான ஆக்சிஜன்தான் இருக்கும், மோட்டார் குளிர்வதும் சற்று மந்தம். அதனால் ஒரு அளவு பெரிதாகவே வாங்குங்கள்.

டிஃப்யூசர் வட்டுகளை இரண்டு இடத்தில் வைத்தால் போதும், இரண்டும் ஆழப் பகுதியில், சேற்றிலிருந்து ஓரடி மேலே ஒரு கல் பலகை மீது. மிக ஆழமான குழியில் வைக்காதீர்கள், சேற்றைக் கிளப்பும். ஓடைப் பக்கத்து 3 அடிக்கு டிஃப்யூசரால் பயனில்லை. அவ்வளவு ஆழத்தில் குமிழியில் இருக்கும் ஆக்சிஜன் தண்ணீரில் கரையும் முன்பே அது மேலே போய் உடைந்துவிடும். சேலம் சமவெளியில் ஐந்தடி ஆறடிப் பண்ணைக் குட்டை வைத்திருப்பவர்கள் இதைப் படித்தால், உங்களுக்கு டிஃப்யூசர் வேண்டாம், பேடில் வீல் மட்டும் போதும் என்பதே என் பதில். கம்ப்ரசரை நீர்மட்டத்துக்கு மேல் வையுங்கள், ஒருவழி வால்வு போடுங்கள். இல்லாவிட்டால் மின்சாரம் போகும்போது தண்ணீர் குழாய் வழியாகத் திரும்பிக் கம்ப்ரசருக்குள் வந்துவிடும். வெளிவரும் காற்று கை வைக்க முடியாத சூடு, முதல் சில அடிக்கு ஜி.ஐ. இரும்புக் குழாய், அப்புறம் எச்.டி.பி.ஈ. பிளாஸ்டிக் குழாய். ஒரு பிரஷர் கேஜ் மாட்டுங்கள். அதன் முள் மாதத்துக்கு மாதம் ஏறினால் வட்டில் அழுக்கு அடைத்திருக்கிறது என்று பொருள்.

தூண்டில் குளம் என்பதால் இன்னொன்று. மிதக்கும் இயந்திரத்தின் கட்டுக் கயிறும் ஒயரும் தூண்டில் முள்ளுக்கு நல்ல விருந்து. பேடில் வீலைத் தூண்டில் போடும் மேடைக்கு எதிர்க்கரையில் கட்டி, காற்றுக் குழாயை மேடை இருக்கும் பக்கத்தில் இறக்காமல் கொண்டு போங்கள். பேடில் வீல் போடும் சத்தம் பக்கத்து அறையில் தூங்குபவருக்குத் தாலாட்டாக இருக்காது, இதையும் இடம் பார்க்கும்போது நினைவில் வையுங்கள்.

டிஃப்யூசரை முதன்முதலில் போடும் நாள்தான் ஆபத்தான நாள். அடுக்குப் பிரிந்த குளத்தில் ஒரேயடியாக இரவு முழுக்க ஓட்டினால், கோடை மழை செய்யும் வேலையை நீங்களே செய்துவிடுவீர்கள். முதல் நாள் காலை பத்து மணிக்கு மேல் அரை மணி நேரம். மறுநாள் ஒரு மணி, அடுத்த நாள் இரண்டு மணி, இப்படி இரட்டித்துக்கொண்டே போய் ஒரு வாரத்தில் முழு நேரத்துக்கு வரலாம். அந்த வாரம் பேடில் வீல் தயாராக இருக்கட்டும்.

சோலார் பற்றியும் கேட்டிருந்தீர்கள். பகலில் ஓட வேண்டிய டிஃப்யூசருக்கு, பேட்டரியே இல்லாமல் நேரடியாகப் பேனலில் ஓட்டுவது நன்றாகப் பொருந்தும்; அது அதிகம் தேவைப்படும் பிப்ரவரி முதல் மே வரை உங்களுக்கு வெயிலும் உண்டு. ஆனால் விடியற்கால நெருக்கடிக்குச் சோலார் உதவாது. ஐப்பசி, கார்த்திகையில் மூன்று நாள் மேகமும் மூடுபனியுமாக இருந்தால் பாசி ஆக்சிஜன் உண்டாக்காது, பேனலும் மின்சாரம் உண்டாக்காது. இரண்டும் ஒரே நாளில் காலை வாரும். பேடில் வீலுக்கு மின்வாரிய இணைப்பும், மின்வெட்டுக்கு ஒரு சிறிய ஜெனரேட்டரும் வேண்டும். மரம் விழுந்து லைன் போவதும் மீன் மேலே வருவதும் ஒரே புயல் இரவில்தான் நடக்கும். எதுவுமே ஓடவில்லை என்றால் டீசல் பம்பால் குளத்துத் தண்ணீரையே எடுத்து, தட்டையான பலகையில் மோதி விழும்படி குளத்திலேயே விடுங்கள். ஒரு மூலையில் ஆக்சிஜன் கூடினால் போதும், மீன்கள் அங்கே வந்து நின்று பிழைத்துக்கொள்ளும்.

இத்தனையும் சொன்னாலும், உங்கள் குளத்தைப் பார்க்காமல் நான் சொல்வதில் ஊகம் கலந்திருக்கிறது. காற்றழுத்தம், வெப்பம், எதிரழுத்தம் இவற்றைக் கணக்கிடும் விதமும், இயந்திரங்களின் தரவரிசையும் உறுதியானவை, குளத்துக்குக் குளம் மாறாது. பாசி இரவில் எவ்வளவு தின்கிறது, அடியில் எத்தனை அடிச் சேறு என்பவை குளத்துக்குக் குளம் மாறும். என் கணக்கு இரண்டு மடங்கு இப்படியோ அப்படியோ போகலாம். அதனால் பணம் போடுமுன் சில இரவுகள் அளந்து பாருங்கள். ஆக்சிஜன் மீட்டர் இருந்தால் நல்லது, தண்ணீரில் சொட்டு மருந்து விட்டு ஆக்சிஜன் அளவு பார்க்கும் சோதனைக் கிட் இருந்தாலும் போதும். மாலை ஆறு மணிக்கு ஒன்று, இரவு பத்து மணிக்கு ஒன்று. ஆறு மணிக்கு 8, பத்து மணிக்கு 6.4 என்று வந்தால் மணிக்கு 0.4 குறைகிறது. காலை ஆறுக்கு 3.2 இருக்கும் என்று கோடு போட்டே சொல்லிவிடலாம். 3க்கு மேல் நின்றால் கெண்டை தாங்கும். 2க்குக் கீழே போகும் என்று தெரிந்தால் நள்ளிரவிலேயே பேடில் வீலைப் போட்டுவிடுங்கள், மீன் மேலே வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். மேலேயும், கயிறு கட்டிய பாட்டிலில் 10 அடி ஆழத்திலிருந்து எடுத்தும் அளந்தால் அடுக்குப் பிரிந்திருக்கிறதா என்பதும் தெரியும். மேலேயும் கீழேயும் ஒரே அளவு என்றால் டிஃப்யூசர் செலவு உங்களுக்கு மிச்சம். மீட்டர் வாங்கினால் அதில் உங்கள் உயரத்தைப் பதிய வசதி இருக்கிறதா என்று பாருங்கள்; கடல் மட்டக் கணக்கில் சரிபார்த்த மீட்டர் உங்களுக்கு உண்மையைவிடக் கூட்டித்தான் காட்டும்.

மீட்டர் இல்லாத நாளில் கையை விட்டுப் பாருங்கள். முழங்கை வரை இறக்கினால் உள்ளங்கை மங்கலாகத் தெரிய வேண்டும். மணிக்கட்டு தாண்டியதுமே மறைந்துவிட்டால் பாசி மிதமிஞ்சிவிட்டது. பச்சையாக இருந்த தண்ணீர் ஒரே நாளில் பழுப்பாகவோ சாம்பலாகவோ மாறினால் பாசி மொத்தமாகச் செத்திருக்கிறது, அன்றிரவு தூங்கவே வேண்டாம்.

ஏரேட்டரால் தீராதவையும் உண்டு. காபிப் பழம் உரித்த தண்ணீர் குளத்தில் கலந்தால் எந்த இயந்திரமும் ஈடுகொடுக்காது. அதில் சர்க்கரையும் சளியும் அவ்வளவு. அழுகும்போது ஆக்சிஜனை உறிஞ்சித் தள்ளிவிடும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை பழம் உரிக்கும் காலத்தில் அந்த வாய்க்கால் எங்கே போகிறது என்று நடந்து பார்த்துவிடுங்கள். இலைத்துரு நோய்க்கு அடிக்கும் போர்டோ கலவையில் இருப்பது செம்பு. மலைத் தண்ணீர் உப்புக் குறைந்த மென்னீர் என்பதால் செம்பின் விஷம் மீனுக்கு இன்னும் கூடுதல். மருந்து அடித்த மறுநாள் மழை வந்து மீன் செத்தால், ஏரேட்டர் வேலை செய்யவில்லை என்று அதைக் குறை சொல்லாதீர்கள். எஸ்டேட்டின் நிழல் மரமான சில்வர் ஓக்கின் இலைகளை மூங்கில் தட்டியோ வலையோ வைத்து ஓடை வாயிலேயே நிறுத்துங்கள். அப்புறம் தீனி. ஒரு கிலோ தீனி தண்ணீரில் போனால், மீன் தின்றாலும் அழுகினாலும், முடிவில் ஏறத்தாழ ஒரு கிலோ ஆக்சிஜனைக் கேட்கும். வார இறுதியில் பிள்ளைகள் போடும் பொரி, ரொட்டி, முறுக்கு எல்லாம் இந்தக் கணக்கில் வரும். கைப்பிடி அளவு பொட்டலம் கட்டி நீங்களே விற்றால் அளவும் கட்டுப்படும், கொஞ்சம் காசும் வரும். கோடையில் காபிக்கும் மிளகுக்கும் இதே குளத்திலிருந்து தண்ணீர் இறைத்தால், மேலே போட்ட 22 லட்சம் லிட்டர் பத்து லட்சமாகிவிடும், மீனும் சேறும் அப்படியே இருக்கும். மட்டத்தில் ஒரு கோடு போட்டு, அதற்குக் கீழே இறைப்பதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கடைகளில் இன்னும் சிலவற்றை உங்கள் தலையில் கட்டப் பார்ப்பார்கள். 'நானோ டியூப்' என்று விற்பது பெரும்பாலும் நுண்துளை ரப்பர் குழாய். நல்ல பொருள்தான், ஆனால் அதிலிருந்து வருவது கண்ணுக்குத் தெரியும் சாதாரணக் குமிழி, பெயருக்கேற்ற அதிசயம் எதுவும் இல்லை. சேலம் கிணற்று உப்புத் தண்ணீரில் சுண்ணாம்பு படிந்து சீக்கிரம் அடைத்துக்கொள்ளும்; மலையில் பாசி வழுவழுப்பு அடைக்கும். ரப்பர் வட்டு, நின்று நின்று ஓடும்போது விரிந்து சுருங்கி ஓரளவு தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும். ஆக்சிஜன் மாத்திரை, பொடி என்பவை சோடியம் பெர்கார்பனேட். ஒரு கிலோவில் கிடைப்பது 150 கிராமுக்கும் குறைவு. உங்கள் குளத்தில் ஒரே ஒரு மில்லிகிராம் ஏற்ற 2.2 கிலோ ஆக்சிஜன் வேண்டும், அதாவது பதினைந்து கிலோ பொடி. மீன் கொண்டுவரும் தொட்டிக்கு வாங்கலாம், குளத்துக்கு வேண்டாம். சேற்றைத் தின்னும் பாக்டீரியாப் பொடி என்று விற்பதில் எனக்கு நம்பிக்கை குறைவு. போட்ட குளத்துக்கும் போடாத குளத்துக்கும் நான் பார்த்தவரை வித்தியாசம் சொல்ல முடிந்ததில்லை. அடியில் காற்று போனால் சேற்றிலேயே இருக்கும் கிருமிகள் அந்த வேலையைச் செய்யும்.

தூண்டில் போடுபவர்கள் விடியற்காலையில்தான் வருவார்கள், உங்கள் குளத்தில் ஆக்சிஜன் மிகக் குறைவாக இருக்கும் நேரமும் அதுதான். முள்ளில் மாட்டி இழுபட்ட மீன் களைத்துப் போயிருக்கும், அதற்கு அப்போது வழக்கத்தைவிட அதிகமாக ஆக்சிஜன் வேண்டும். பிடித்துத் திரும்ப விடுவது உங்கள் வழக்கம் என்றால், ஏப்ரல் முதல் ஜூன் வரை காலை எட்டரைக்கு முன் தூண்டில் இல்லை என்று ஒரு பலகை மாட்டுங்கள். விட்ட மீன் நன்றாக நீந்திப் போய், இரண்டு நாள் கழித்து மிதப்பதைப் பலர் நோய் என்று நினைத்து மருந்து தேடுகிறார்கள். மேகமூட்டமான நாட்களிலும், மீன் மேலே வந்து நிற்கும் நாளிலும் தூண்டிலும் தீனியும் முழுக்க நிறுத்தம்.

கடைசியாக மின்சாரம். மற்ற எதில் சிக்கனம் பார்த்தாலும் இதில் பார்க்க வேண்டாம். தண்ணீரில் மோட்டார், கரையில் பிள்ளைகள், கையில் நீளமான கார்பன் தூண்டில் கழி. அந்தக் கழி மின்சாரத்தைக் கடத்தும். பேடில் வீலுக்குத் தனி லைன், மின்சாரம் கசிந்தால் உடனே லைனைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. சுவிட்ச், சரியான எர்த், மாதம் ஒருமுறை அதன் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பார்ப்பது. குளத்துக்கு மேலே மின்கம்பி போகக் கூடாது. மேயில் உங்கள் பக்கம் இடியும் மின்னலும் அதிகம், இடி கேட்டால் தூண்டில்காரர்களை மேடையிலிருந்து இறக்கிவிடுங்கள். டிஃப்யூசரில் மோட்டார் கரையிலேயே இருக்கிறது, தண்ணீருக்குள் போவது காற்று மட்டும். பிள்ளைகள் இறங்கக்கூடிய குளத்துக்கு நான் அதை அன்றாட இயந்திரமாகச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். விருந்தினர் இருக்கும் பகல் நேரத்தில் பேடில் வீலின் மெயின் சுவிட்ச் அணைந்தே இருக்கட்டும், பெட்டிக்குப் பூட்டு போட்டு, சாவி வாட்ச்மேனிடம் இருக்கட்டும்.